பள்ளத்துக் கறுப்பு

மண்ணின் நிறத்தைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வது என் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு பிடி மண்ணை எடுத்து, லேசாக நனைத்து, நிற அட்டைப் புத்தகத்தில் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜவுளிக் கடையில் புடவைக்கு ஜாக்கெட் துணி மேட்ச் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று என் தங்கை கிண்டல் செய்வாள். அவள் சொல்வது தவறில்லை. அந்த வேலையிலும் அவசரப்பட்டால் வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பிறந்தது மலைக்குக் கீழே, துறையூர்ப் பக்கம், புளியஞ்சோலைக்குப் போகிற ரோட்டில் ஒரு ஊர். எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று செம்மண், செவக்காடு என்போம்; மற்றது கரிசல். செவக்காட்டை அப்பா வேண்டாவெறுப்பாக உழுவார். எரு, கவனம், பேச்சு எல்லாம் கரிசலுக்குத்தான். யாராவது நிலம் வாங்கினால் ஊரில் முதலில் கேட்பது, மண் கறுப்பா என்று. பெண் பார்க்க வருகிறவர்கள் இதையே தலைகீழாகக் கேட்பார்கள். நான் நல்ல கறுப்பு. மண்ணிலாவது கறுப்புக்கு மரியாதை இருக்கிறதே என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு திருப்தி உண்டு. படித்து, பட்டம் வாங்கி, வேலைக்கு வந்த பிறகும் அந்தத் திருப்தி எனக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்பு கொல்லிமலையின் வடக்குச் சரிவுக் காட்டில் மண்ணின் நிறங்களைப் பதிவு செய்கிற வேலை எனக்கு வந்தது. பங்குனி, சித்திரை இரண்டு மாதம். சிறு பிள்ளையிலிருந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்த மலை. செம்மேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, தினமும் காலை பஸ்ஸில் போய் வாசலூர்பட்டியைத் தாண்டி இறங்கி, அங்கிருந்து நடப்பேன். மண்ணின் அடுக்குகளைப் பார்க்கக் குழி வெட்டுவதற்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் என்னை அம்மணி என்பார்.

காட்டில் நடக்க நடக்க மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வரும். வெயில் விழுகிற வெட்டவெளிச் சரிவில் செங்கல் தூள் மாதிரி சிவப்பு. மரங்களுக்குள் நுழைந்து, நிழலும் சருகும் ஈரமும் கூடக் கூட அது பழுப்பாகி, மஞ்சளாகிவிடும். ஓடைக்கரையில் நிறமே இல்லாத சாம்பல். இத்தனைக்கும் காரணம் ஒரே இரும்புதான். காய்ந்த இடத்தில் சிவப்புத் துருவாக நிற்கும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் மஞ்சள் துரு. தண்ணீர் நின்று மண்ணுக்குள் காற்றே போகாவிட்டால் அந்தத் துருவும் கரைந்து வெளியேறி, கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி மண் வெளுத்துக் கிடக்கும்.

இரும்போடு மாங்கனீசும் மண்ணில் உண்டு. அளவில் குறைவு, ஆனால் பதற்றம் அதிகம். கொஞ்ச நாள் தண்ணீர் தேங்கினாலே போதும், இரும்புக்கு முன்பே கரைந்து கிளம்பிவிடும். தண்ணீர் வடிந்து காற்று பட்டதும் போகிற வழியில் கறுப்பாகப் படியும். கட்டியின் மேல் மை பூசினாற்போலவும் இருக்கும், கடுகு கடுகாக உருண்டும் கிடக்கும். ஆக, மண்ணில் கறுப்பு இரண்டு வகை. இலைதழை மக்கி வந்த கறுப்பு வளத்தின் அடையாளம். மாங்கனீசுக் கறுப்பு, அங்கே மழைக்காலத்தில் வேர் மூச்சு முட்டும் என்பதற்கு அடையாளம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. புண்ணைக் கழுவ ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு சொட்டு விட வேண்டும். இலைமக்கு மெதுவாக முணுமுணுக்கும். மாங்கனீசு என்றால் குலுக்கித் திறந்த சோடா மாதிரி பொங்கும். அந்தச் சின்ன பாட்டில் எப்போதும் என் பையில் இருக்கும். காட்டில் வெட்டிய ஒவ்வொரு குழியிலும் விட்டுப் பார்த்தேன். குழி வெட்டியவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். "மண்ணுக்கு உசுரு வந்துருச்சுங்க அம்மணி" என்பார், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பவர் போல.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் குடும்பத்தில் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்பியிருந்தார். சில்வர் ஓக் மரங்களை நட்டு மிளகுக் கொடி ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அவர்கள் அப்பா உயிரோடு இல்லை. வீட்டையொட்டிய வயலைச் சுலபமாகப் பிரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது காட்டோரம் ஒரு நிலம். மேலே சிவப்பு மேடு, கீழே கறுப்புப் பள்ளம்.

அவர்கள் குடும்பத்து வழக்கம் இது: அண்ணன் வரப்புப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும், தம்பி தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எது தனக்கு வரும் என்று தெரியாததால் பிரிக்கிறவர் ஒழுங்காகப் பிரிப்பார். இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தம்பி எடுக்கிறவரை வரப்புப் போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. இதை எடு என்று அவர் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். எடுத்தது எடுத்ததுதான், அப்புறம் மாற்றமும் இல்லை. இதையெல்லாம் அண்ணன்காரர்தான் ஒருநாள் குழிக்குள் நின்றபடியே எனக்குச் சொன்னார்.

வேலையின் கடைசி வாரத்தில் ஒருநாள் மதியம் அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி வந்து வாசலில் நின்றார்.

"மேடம், ஒன்னு கேக்கோணுங்க. மேடு எடுக்கறதா, பள்ளம் எடுக்கறதான்னு ஒரே கொழப்பமா இருக்குதுங்க. நீங்க மண்ணு படிச்சவங்க. ஒரு எட்டு வந்து பாத்துச் சொன்னீங்கன்னா நிம்மதியா இருக்கும்."

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். மூன்று மணிக்கு எனக்கு பஸ். எழுந்து தம்பியோடு நடந்தேன்.

மேடு சின்னது. பள்ளம் அதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. சித்திரை வெயிலில் இரண்டும் காய்ந்து கிடந்தன. மேட்டு மண் வழக்கமான சிவப்பு, காட்டில் நூறு தடவை பார்த்தது. பள்ளத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. எங்கள் அப்பா பார்த்திருந்தால் மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். குழி வெட்டச் சொல்லவில்லை. பையைத் திறக்கவுமில்லை. காட்டு ஓரம், வருடக்கணக்காகச் சருகு விழுந்து மக்கிய மண் என்று முடிவு கட்ட எனக்கு இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? மண்ணும் கறுப்பு, அளவும் கூட. பள்ளத்தை எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து, பள்ளத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரி சாமி" என்றார். நல்லது கை நழுவிப் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

மூன்று வருடம் கழித்து, அதே காட்டில் மழைக்குப் பிந்திய மண்ணை எடுக்க வேண்டியிருந்தது. மார்கழி. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போதே ஒவ்வொரு பாறையிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பழைய ஆளையே தேடிப் பிடித்தேன். முடி நரைத்திருந்தது, மற்றபடி அதே மண்வெட்டி, அதே அமைதி. முதல் குழி வெட்டி முடித்ததும், தம்பியின் மிளகு எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"பேச்சுவார்த்தை இல்லீங்க அம்மணி."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் அவனுக்குந்தானுங்க. வாரப்ப அந்தப் பக்கமா வாங்க, மிளகு கண்ணுல படும்."

சாயங்காலம் பள்ளத்தின் வழியாகத் திரும்பினேன். சில்வர் ஓக் கன்றுகள் சோகை பிடித்து நின்றன. அவற்றில் ஏற்றிய மிளகுக் கொடிகளில் பாதிக்கு மேல் இலையே இல்லை. தண்டு கறுத்து, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. மிச்சமிருந்தவை மஞ்சள் பூத்திருந்தன. கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று அமுங்கியது. தம்பியைத் தேடிப் போனேன்.

வீட்டில் தம்பி இல்லை. அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்.

"மொத வருசம் நல்லாத்தானுங்க வந்துச்சு. ரெண்டாம் வருச மழைக்கு எல மஞ்சளாச்சு. இப்ப அடியோட அழுகிப் போச்சுங்க" என்றார். அப்புறம், "அவங்க அண்ணனுக்குத் தெரியாம இருக்குமுங்களா? இந்த மண்ணுலயே கெடந்தவரு. கெட்டதப் பெருசாக் காட்டி எங்க தலையில கட்டிட்டாருங்க. அந்த வயித்தெரிச்சல்ல, பாப்பா காதுகுத்துக்குக்கூட அவங்களக் கூப்பிடல" என்றார்.

பெரியப்பா வீட்டுக்கு மட்டும் சொல்லாமல் ஒரு குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறார்கள். ஊரே பார்த்திருக்கும். பள்ளத்தை எடுக்கச் சொன்னது நான்தானே என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காப்பியைக் குடித்தேன். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் என்மேல் எனக்கு அதிகமாக வெறுப்பு வருகிறது.

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மரவள்ளிக் கிழங்கை மண் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தை ஏன் ஒன்றரை மடங்கு பெரிதாக வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏனுங்க, மழைக்குத் தண்ணி நிக்கிற எடமில்லீங்களா? நெல்லுக்குப் பத்தாது, மத்ததுக்கெல்லாம் சாஸ்தி. மேட்டுல எத்தன வள்ளம் சாமை வருமோ, அத்தன வள்ளம் பள்ளத்துலயும் வாரதுக்கு எவ்வளவு எடம் வேணும்னு பாத்தேனுங்க. அதுக்குத் தக்கன வரப்பு போட்டேன். எத எடுத்தாலும் ஒருத்தனுக்கும் கொறையக் கூடாதில்லீங்களா?"

"அவர் மிளகு வைக்கப் போறார்னு தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வரப்பு போட்டவன் பேசக் கூடாதுங்களே. எடுத்ததுக்கப்பறம் சொன்னா அவன் மனசுதானுங்க கெடும். சரி, படிச்சவங்க சொல்றாங்க, மிளகுக்கு ஆவும்போல இருக்குதுன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

வள்ளம் என்பது அங்கே தானியம் அளக்கிற அளவு. நிற அட்டையும் மருந்தும் இல்லாமல், மழைக்கு மழை பார்த்த கண்ணை வைத்து அந்த மனிதர் மண்ணின் தரத்தை அளந்திருந்தார். அளந்ததை ஒரு வரப்பாகப் போட்டு எல்லார் கண் முன்னாலும் வைத்திருந்தார். நேர்மையாகப் பிரிக்கிறவர் ஒன்றை ஏன் பெரிதாகவும் மற்றதை ஏன் சிறிதாகவும் வைப்பார் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் அந்த அளவைப் பார்த்து, தம்பிக்கு லாபம் என்றேன்.

அன்று செம்மேட்டு அறையில் படுத்துக்கொண்டு, காலையில் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். விடிந்ததும் மண்வெட்டியை அண்ணனிடம் இரவல் வாங்கிக்கொண்டு, எதற்கு என்று அவர் கேட்பதற்குள் நடந்துவிட்டேன். தம்பி பள்ளத்தில் செத்த கொடிகளை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து கும்பிட்டார்.

"தம்பி, அன்னைக்கு நான் குழி வெட்டிப் பாக்காம சொல்லிட்டேன். இன்னைக்கு வெட்டிப் பாக்கலாம்" என்றேன்.

அவர் மண்வெட்டிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஆள் வைத்தே குழி வெட்டிப் பழகிய கை, முக்கால் அடிக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கறுப்பு மண் ஓரடிக்குமேல் இல்லை. ஒரு கட்டியை உடைத்து, பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். சீறிக்கொண்டு பொங்கியது. நுரை என் விரலைத் தாண்டி வழிந்தது. மேலும் ஓரடி இறங்கியதும் சாம்பல் மண். அதில் பழைய வேர்கள் போன தடமெல்லாம் துரு நரம்புகளாக ஓடின. மேட்டுப் பக்கத்துக் குழிச்சுவரில் தண்ணீர் கசிந்து, கண்ணெதிரிலேயே அடியில் சேர ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கறுப்பு வளமில்லை, வருடா வருடம் தண்ணீர் வந்து நின்று போனதன் கறை என்று சொன்னேன். இது தெரிந்துகொள்ளத்தான் நான் படித்தேன், இதைச் சோதிக்கிற மருந்து அன்றைக்கும் என் பையில் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எடுக்கவில்லை என்று சொன்னேன். வள்ளக் கணக்கையும் சொன்னேன். மேட்டில் வருகிற அளவு பள்ளத்திலும் வரட்டும் என்றுதான் அண்ணன் அதைப் பெரிதாக வைத்தார், அதை மிளகுக்கு ஏற்றது என்று ஆக்கியது நான். உங்கள் மூன்று வருட உழைப்பும் போனது என்னால்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அழக் கூடாது என்று வந்திருந்தேன், முடியவில்லை.

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இனி ஒன்னும் பண்ண முடியாதுங்களா?"

"முடியும். தண்ணி மேட்டுச் சரிவிலிருந்து மண்ணுக்குள்ளயே இறங்கி வருது. மேட்டுக்கு அடியில ரெண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஓடைப் பக்கம் திருப்பிவிட்டா பெரும்பாலும் பள்ளத்துக்கு வராது. பிழைச்சிருக்கிற கொடிகளாவது தேறும். ஆனா வாய்க்கால் வெட்ட வேண்டிய இடம் வரப்புக்கு அந்தப் பக்கம். உங்க அண்ணன் நிலம்."

நானே போய் அண்ணனிடம் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். மூன்று வருடமாக என் நம்பர் உங்களிடம் இருந்ததே, கொடி மஞ்சளானபோதே கூப்பிட்டு என்னைத் திட்டியிருக்கலாமே என்றேன்.

"ரெண்டு தடவ போனை எடுத்தேனுங்க. நம்பர வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். படிச்சவங்க, எங்கயோ இருக்கறவங்க, உங்களப் போயி எப்புடிங்க கேக்கறது?" அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா கோவம் வந்துருச்சுங்க. அதை யாரு மேலயாச்சும் காட்டோணுமில்லீங்க. எங்கண்ணந்தான் பக்கத்து ஊட்டுல இருந்தாரு."

அண்ணனின் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவர் வரப்பு ஏறி அண்ணனைத் தேடி மேட்டுப் பக்கம் நடந்தார்.